ஒன்று புள்ளி ஏழு

பிப்ரவரியில் கடல் உறைந்து கிடக்கும்போது
கேள்வித்தாள் அனுப்புவோம்.
விருந்தினர் படகுக்கு எத்தனை இடம்?
டீசல் உண்டா, பெட்ரோல் உண்டா?
கழிவுத்தொட்டியை உறிஞ்சும் பம்பு வேலை செய்கிறதா,
இல்லை, நிற்கிறதா?

முந்நூற்றுப் பதினாறு துறைகள்.
ஏப்ரலுக்குள் பாதிப் பேர் பதில் போடுவார்கள்.
மீதிப் பேருக்கு
துர்க்கு நகரத்து மூன்றாம் மாடியிலிருந்து
நான் தொலைபேசியில் பேசுவேன்.
ஒருவர் எடுக்கவே மாட்டார்.
ஒருவர் எடுத்து
"போன வருஷம் போலத்தான்" என்பார்.
போன வருஷமும் அதையேதான் சொன்னார்.

கையேட்டில் ஒவ்வொரு தகவலின் ஓரத்திலும்
ஒரு குறி போடுவோம்.
கேட்டு எழுதியதற்குப் புள்ளி.
படகோட்டி யாராவது எழுதிச் சொன்னதற்கு வட்டம்.
நாங்களே போய்ப் பார்த்ததற்கு நங்கூரம்.
வாசிப்பவர்கள் குறியைக் கவனிப்பதில்லை.
இடித்த பிறகு கவனிப்பார்கள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
காலுக்குச் சொன்னது.
அடிக்கட்டைக்கு யார் சொல்வது?

ஜூலையில் ஒரு கடிதம்.
ஓஸ்மோ, பல் மருத்துவர், யிவாஸ்கிலா.
"ஸ்குவால்ஷேர் தீவுத் துறையின் ஆழம்
இரண்டு புள்ளி ஒன்று என்கிறது உங்கள் புத்தகம்.
என் படகு நீருக்குள் இறங்குவது ஒன்று புள்ளி எட்டு.
தரை தட்டியது.
சவுனா அருமை."

பழைய பதிப்புகளைப் புரட்டினேன்.
எட்டுப் பதிப்பிலும் இரண்டு புள்ளி ஒன்று.
எட்டிலும் வெறும் புள்ளி.
ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறோம்.

மைலிஸ் துறைமேடையில் நின்றாள்.
கையில் மீன் வெட்டும் கத்தி, முகத்திலும் அதுவே.
"அளந்தது என் அப்பா" என்றாள்.
முதல் தூணைக் காட்டினாள்.
தாரின் அடியில் செதுக்கிய எழுத்து:
2,10. ஆண்டு 1931.

ஈயக்குண்டை இறக்கினேன்.
மேடையின் நுனியில், நடுவில்,
வடக்கு மிதவையின் கீழே, மொத்தம் ஏழு இடம்.
மிகக் குறைந்தது ஒன்று எண்பத்திரண்டு.
இங்கே ஓதமில்லை;
காற்றும் காற்றழுத்தமும்தான் கடலை ஏற்றி இறக்கும்.
கைபேசியில் அளவுநிலையத்தைப் பார்த்தேன்:
இன்றைய நீர், சராசரிக்கு மேல் பன்னிரண்டு சென்டிமீட்டர்.
கழித்தேன்.
ஒன்று எழுபது.

கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கி
அவளே மூன்று முறை இறக்கினாள்.
மூன்றாவது முறை குண்டைத் தூக்காமல்
அப்படியே நின்றாள்.
"அப்பா பொய் சொல்கிற ஆள் இல்லை."

இல்லைதான்.
பனிப்பாளத்தின் பாரம் இறங்கிய நாளிலிருந்து
இந்தத் தரை எழுந்துகொண்டே இருக்கிறது,
வருஷத்துக்கு அரை நெல் அளவு.
நான் அதைச் சொல்வதற்குள்
அவள் திரும்பிப் பார்த்தாள்.
தாத்தாவின் படகுக்கொட்டகை.
கடலைப் பார்த்துத் திறக்கிற கதவின் முன்னால்
இருபது அடிக்குப் புல்.
"அதில் செம்மறி கட்டுகிறோம்" என்றாள்,
யாரிடமோ ஒப்புக்கொள்வது போல.

தொண்ணூற்றிரண்டு வருஷம், நாற்பது சென்டிமீட்டர்.
அவர் அளந்தது சரி.
அளந்த இடம்தான் மேலே வந்துவிட்டது.

"ஒன்று எட்டு என்று போடேன்.
பெரிய படகுகள் வராவிட்டால்
ரொட்டி யார் வாங்குவார்கள்?"
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
ஒன்று புள்ளி ஏழு என்று எழுதினேன்.
பக்கத்தில் நங்கூரம்.
நங்கூரத்தின் பக்கத்தில், இதுவரை நாங்கள் போடாத ஒன்று:
தேதி.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
வெட்டிய மீனை வாளியில் போட்டாள்.
பிறகு,
"சவுனாவைப் பற்றி என்ன எழுதப்போகிறாய்,
அதுவும் பல் மருத்துவர் சொன்னதுதானே?"

பார்க்காமல் எழுத முடியாது என்றேன்.
விறகு எடுக்கப் போனாள்.

ஸ்குவால்ஷேர். சவுனா: விறகு அடுப்பு, ஆறு பேர். நங்கூரம்.
ரொட்டி: காலை எட்டு மணிக்கு, முன்பே சொல்லவேண்டும். நங்கூரம்.
குடிநீர்: உண்டு. லேசாக இரும்பு ருசி.